ஏழில் மிச்சம் ரெண்டு

மனிதனுக்குள் ஏழு பேர் இருக்கிறார்கள் என்று என் மாமா முனிரத்தினத்துக்கு ஒருவர் சொல்லிக்கொடுத்தார். அதுவரைக்கும் மாமா நல்ல மனிதராகத்தான் இருந்தார்.

ஏழு பேர் என்று நான் கேலிக்குச் சொல்கிறேன். அவர்கள் கணக்குப்படி அது ஏழு உறை. தலையணைக்கு மாட்டுவதுபோல ஒன்றின்மேல் ஒன்றாக ஏழு. எல்லாவற்றுக்கும் வெளியே உடம்பு. அதற்குள் மூச்சு. அதற்குள் சாயை என்று நிழல்மாதிரி இன்னொரு உடம்பு. அப்புறம் ஆசை, மனசு, புத்தி, கடைசியாக ஆத்மா. நான் திருச்சானூரில் யாத்ரீகர்கள் தங்கும் லாட்ஜில் துணி துவைக்கிறவள். தினமும் மூட்டை மூட்டையாக உறை கழற்றுகிறேன். உள்ளே பஞ்சைத் தவிர வேறொன்றையும் நான் பார்த்ததில்லை. இதை மாமாவிடம் சொன்னபோது, "உனுக்கு அது புரியாது தேனு, அது சூட்சுமம்" என்றார். சூட்சுமம் என்று யாராவது சொன்னாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சொல்லிக்கொடுத்தவர் பெயர் நாகபூஷணம். திருப்பதியில் ஹெட்மாஸ்டராக இருந்து ரிடையர் ஆனவர். தெலுங்குக்காரர், எங்களுக்காகத் தமிழும் பேசுவார். எல்லோருக்கும் அவர் மாஸ்டர் காரு. வீட்டு மாடியில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு நடக்கும். சுவரில் ஒரு துணிப்படம் மாட்டியிருப்பார். சம்மணம் போட்ட ஓர் ஆள், அவனைச் சுற்றி ஏழு வர்ணத்தில் ஏழு கோடு. மாமா திருப்பதிக்கும் திருச்சானூருக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். ஒருநாள் வாசலில் இறக்கிவிட்டுக் கிளம்பப் பார்த்தவரை மாஸ்டர் காரு மேலே கூப்பிட்டு, ஜமுக்காளத்தில் தன் பக்கத்தில் உட்காரவைத்து, தான் குடிக்கும் டம்ளரிலேயே தண்ணீர் கொடுத்திருக்கிறார். ஜாதி முதல் உறையோடு சரி, மற்ற ஆறுக்கும் அது கிடையாது என்று சொல்லியிருக்கிறார்.

எங்கள் ஊர் சித்தூருக்குத் தெற்கே, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டினாற்போல இருக்கிறது. எங்கள் தாத்தா காலத்தில் எங்கள் தெருவில் யாருக்கும் காணி நிலம்கூடக் கிடையாது. மாமாவின் நைனா பாலையா, டீக்கடையில் தனி கிளாஸில் குடித்து, தானே கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தவர். அவர் மகனுக்கு ஒரு ஹெட்மாஸ்டர் தன் டம்ளரைக் கொடுத்தால் என்ன ஆகும்? மாமா தன்னையே தூக்கிக் கொடுத்துவிட்டார். கறியை விட்டார், மீனை விட்டார், கல்யாணமே வேண்டாம் என்றார். அந்த டம்ளரை நான் ஒருநாளும் குறை சொன்னதில்லை. அப்படிப்பட்ட இடத்திலிருந்து இப்படி வந்ததே என்றுதான் எனக்கு இவ்வளவு கோபம்.

மாமாவின் தம்பி ரமணா என் வீட்டுக்காரன். சொந்த அத்தை மகன். சின்ன வயதில் அடித்துக்கொண்டு ஒன்றாக வளர்ந்ததால் அவன் இவன் என்றே வாய் பழகிவிட்டது. அத்தை கமலம்மா எத்தனை அதட்டியும் மாறவில்லை. அந்த வருஷங்களில் எங்கள் பக்கம் வீட்டுக்கு ஓர் ஆள் வெளியே போயிருந்தது. ஒருத்தன் பெங்களூரில் கட்டிட வேலை, ஒருத்தன் ஸ்ரீபெரும்புதூரில் கம்பெனி, ஒருத்தி குவைத்தில் வீட்டு வேலை. ரமணா கத்தாருக்குப் போனான், சாரம் கட்டுகிற வேலைக்கு. விமானம் ஏறுவதற்கு முன்னால் மாமா அவனை அந்த மாடிக்கு அழைத்துப்போய் உபதேசம் வாங்கிக் கொடுத்தார். "காதுல இன்னாடா சொன்னாங்க?" என்று கேட்டேன். "கூச்சத்துல சிரிச்சிட்டேன், ஒண்ணும் கேக்கல" என்றான்.

இரண்டாம் வருஷம் சாரத்திலிருந்து விழுந்தான். அங்கே ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்துவிட்டு, ஸ்ட்ரெச்சரில் கிடத்தி மெட்ராஸ் விமானத்தில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். தலையில் அடி. கண் திறந்திருக்கும், பார்வை யார்மேலும் நிற்காது. கூப்பிட்டால் திரும்பமாட்டான். திருப்பதி ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள் வைத்திருந்து வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா சுற்றிவளைக்காமல் சொன்னார். "எழுந்தாலும் எழுவார், எழாமலும் போவார். என்னால சொல்ல முடியாது. ஆனா முழுங்கறார் பாருங்க, அது பெரிய விஷயம். கெட்டியா கரைச்சு, தலையைத் தூக்கிவெச்சு, கொஞ்சம் கொஞ்சமா குடுங்க."

திருச்சானூரில் மாமா இருந்த வாடகை அறையில் அவனைக் கிடத்தினோம். அறையும் அடுப்படியும் மட்டும்தான். பகலில் மாமா ஆட்டோவுக்கும் நான் லாட்ஜுக்கும் போய்விடுவோம். அத்தை அவனுக்கு ராகி ஜாவா என்கிற கூழ் காய்ச்சி ஊட்டுவாள். காலையிலும் சாயந்திரமும் நான். திருப்பிப் போடுவது, துடைப்பது, முதுகுக்கு பவுடர் போடுவது எல்லாம் என் வேலை. எனக்கு அது பாரமாகவே இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். பல நாள் அவனைத் திட்டிக்கொண்டேதான் துடைத்தேன். "கத்தாருக்குப் போறேன் கத்தாருக்குப் போறேன்னு குதிச்சியே, இப்ப உன் சூத்த யாருடா கழுவறா?" என்பேன். அவன் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மாஸ்டர் காரு வந்தார். கூட வகுப்புக்காரர்கள் சிலர். உறை எண்ண வந்திருக்கிறார் என்று மாமா சொன்னார். அவர்கள் கூட்டத்தில் யாராவது நெடுநாள் படுத்துவிட்டால் இப்படி எண்ணிப் பார்ப்பது வழக்கமாம். ஏழில் எத்தனை உள்ளே இருக்கிறது, எத்தனை கிளம்பிவிட்டது என்று.

முதலில் உள்ளங்காலில் கிள்ளினார். ரமணாவின் கால்விரல் சுருங்கியது. உடம்பு உண்டு என்றார். மூக்கின் கீழே பஞ்சு நூலைப் பிடித்தார். நூல் ஆடியது. மூச்சு உண்டு. அகல்விளக்கை ஏற்றி முகத்தருகே அப்படியும் இப்படியும் நகர்த்தி, சுவரில் விழுந்த நிழலை வெகுநேரம் பார்த்தார். சாயை இல்லை என்றார். அவன் மூக்கு நிழல் சுவரில் கன்னங்கரேலென்று விழுந்திருந்தது எனக்குத் தெரிந்தது. என்னை யார் கேட்டார்கள். பிறகு மடியிலிருந்து ஒரு கல்கண்டை எடுத்து அவன் நாக்கில் வைத்தார். "ஆசை இருந்தா நாக்கு தானா வேலை செய்யும்" என்றார். எல்லோரும் குனிந்து பார்த்தோம். கல்கண்டு அசையாமல் கிடந்தது. கொஞ்சம் கரைந்து, எச்சிலோடு வாயோரமாக வழுக்கித் தலையணையில் விழுந்தது.

"ஆசை லேது" என்றார் மாஸ்டர் காரு. பேர் சொல்லிக் கூப்பிட்டார்; பதில் இல்லாததால் மனசும் இல்லை. புத்திக்கும் ஆத்மாவுக்கும் தனியாகச் சோதனை கிடையாதாம். மனசு போன வீட்டில் அவை தங்காதாம்.

"ஏழில் மிச்சம் ரெண்டு" என்றார். சொல்லும்போது அவர் கண் கலங்கியிருந்தது. அவர் மோசக்காரர் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். யாரிடமும் ஒரு பைசா வாங்கியவர் இல்லை. மோசக்காரராக இருந்திருந்தால் நாலு பேரைக் கூட்டி நாக்கைப் பிடுங்கிக்கொள்கிறமாதிரி கேட்டிருப்பேன். நல்லவர் ஒருத்தர் கண்கலங்கிக்கொண்டு அநியாயம் சொன்னால் என்ன செய்வது?

"போன அஞ்சும் வெளிய அலையுது" என்று அவர் அத்தையிடம் விளக்கினார். "கூட்டுக்குச் சோறு போடப்போட, அதுங்களுக்குப் போகவும் முடியல, வரவும் முடியல. சோத்த நிறுத்துங்க. துளசித் தீர்த்தம் போதும். மிச்ச உறையும் தானா அவிழும்."

"அப்ப அவன் செத்துட்டானா?" என்று கேட்டேன்.

"அந்த வார்த்தை தப்பு தல்லி. ரமணா இங்க லேடு. இது ரமணா கட்டிக்கிட்டிருந்த வேட்டி."

"வேட்டி முழுங்குமா மாஸ்டர் காரு?"

அத்தை என் கையைப் பிடித்துக் கிள்ளினாள். மாஸ்டர் காரு வருத்தமாகச் சிரித்து, கோபமும் ஓர் உறையின் வேலைதான் என்றார். அவர் படி இறங்கும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

போனபிறகு மாமாவைப் பிடித்துக்கொண்டேன். "அவனுக்குச் சோறு நிறுத்தினா நான் உன்ன சும்மா வுடமாட்டேன் மாமா." மாமா தொப்பென்று உட்கார்ந்து அழுதார். "என் தம்பி வெளிய அலையறான் தேனு. என்ன வுட்டுடுங்கன்னு கேட்டுக்கினு அலையறான். உனுக்குத் தெரியல, எனுக்குத் தெரியுது." அழுதவர் கடைசியில் தலையாட்டினார். நானும் நம்பினேன்.

நம்பின அழகு சீக்கிரமே தெரிந்தது. ஒரு சாயந்திரம் வேலையிலிருந்து வந்து பார்க்கிறேன், ரமணாவின் உதடு காய்ந்து வெடித்திருக்கிறது. ஜாவாச் சட்டி காலையில் நான் கவிழ்த்த இடத்திலேயே கவிழ்ந்திருக்கிறது. தலைமாட்டில் செம்பில் துளசித் தண்ணீர்.

"அத்த! பெத்த வயிறுதானே அது?" என்று கத்தினேன். பக்கத்து அறைக்காரி எட்டிப்பார்த்துவிட்டுப் போனாள்.

அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "அலையறான்னு சொல்றாங்களே தேனு. கண்ண மூடினா வாசல்ல நிக்கறான். எம்மா எம்மான்றான். நா இன்னா பண்ணுவேன் சொல்லு?"

நான் அன்றைக்கு அவளை ஏசினதெல்லாம் எழுதக்கூடியது இல்லை. அவனை எங்கேயாவது தூக்கிக்கொண்டு போய்விடலாம் என்றால், என் அப்பா அம்மா இல்லை. அண்ணன் பெங்களூரில் பத்துக்குப் பத்து தகரக் கொட்டாயில் குடும்பம் நடத்துகிறான். வேலைக்குப் போனால்தான் ராகி வாங்க முடியும். வேலைக்குப் போனால் ராகி அவன் வாய்க்குப் போகாது. காலையில் வயிறுமுட்டக் கொடுத்துவிட்டு ஓடுவேன்; சாயந்திரம் மூச்சிரைக்க ஓடிவந்து கொடுப்பேன். நடுவில் பகல் முழுக்கப் பட்டினி. கன்னம் ஒட்டிக்கொண்டே வந்தது. மாஸ்டர் காரு வந்து பார்த்துவிட்டு, அவிழ ஆரம்பித்துவிட்டது என்று சொல்லிப் போனாராம்.

லாட்ஜில் என்னோடு துவைக்கிறவள் வெங்கடம்மா. கோயிலை ஒட்டின லாட்ஜ் என்பதால் உள்ளே முட்டைகூடக் கொண்டுவரக் கூடாது. வெங்கடம்மா அதற்கெல்லாம் அசருகிறவள் இல்லை. டிபன் டப்பாவில் மேலே ரசச்சோறு இருக்கும். அடியில் கருவாட்டுக் குழம்பு. ஒருநாள் துவைக்கிற கல்லுக்குப் பின்னால் உட்கார்ந்து அவள் டப்பாவைக் கிளறினதும் நெத்திலி வாசம் வந்தது. எனக்கு அப்போதுதான் மண்டையில் அடித்தமாதிரி உறைத்தது.

ரமணா இனிப்பே தின்னமாட்டான். பிறந்ததிலிருந்தே அப்படித்தான். பொங்கலுக்கு வெல்லச்சோறு வைத்தால் என் இலைக்குத் தள்ளிவிடுவான். எங்கள் கல்யாணத்தில் வாயில் வைத்த லட்டைப் பந்தல் காலுக்குப் பின்னால் துப்பினான். ஆசை இருக்கிறதா என்று பார்க்க அந்த ஆளின் நாக்கில் கல்கண்டு வைத்தால் நாக்கு என்ன செய்யும்? நானும் பக்கத்தில் நின்று பார்த்தேனே, எனக்கும் தோன்றவில்லையே என்று என்மேலேயே ஆத்திரம் வந்தது. அந்தக் கூட்டத்தில் எல்லோரும் கறி மீன் விட்டவர்கள். அவர்கள் கணக்கில் மனுஷ ஆசை என்றால் கல்கண்டு. கருவாட்டுக்கு ஏங்குகிறவனுக்கு உறையே கிடையாது. ஆறு உறைக்கும் ஜாதி இல்லை என்றார்களே, நாலாவது உறையைச் சோதிக்கும்போது யார் வீட்டு நாக்கை வைத்துச் சோதித்தார்கள்?

"வெங்கடம்மா, அத இப்பிடிக் குடு" என்று டப்பாவைப் பிடுங்கினேன். சொல்லிக்கொள்ளாமல் ஓடினேன்.

அத்தை வாசலிலேயே மூக்கைப் பொத்தினாள். மாமா விரதத்துக்கு வந்தபிறகு அந்த அறையில் மீன் வாசம் ஏறியதில்லை. நான் அவளைத் தாண்டிப்போய் ரமணாவின் தலையை மடியில் தூக்கிவைத்துக்கொண்டேன். விரலைக் குழம்பில் தொட்டு அவன் நாக்கில் தடவினேன்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு தொண்டை ஏறி இறங்கியது. நாக்கு வெளியே வந்து கீழ் உதட்டை நக்கியது. அப்புறம் அவன் வாயைத் திறந்தான். நான் ஸ்பூனைக் காட்டவில்லை, தாடையைப் பிடிக்கவில்லை. தானாகத் திறந்தான். திறந்தபடியே வைத்திருந்தான். நான் விரலை வேண்டுமென்றே தாமதித்தேன். தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. சின்ன வயதில் அவன் பங்குக் கருவாட்டை நான் எடுத்தால் இப்படித்தான் உறுமுவான்.

அத்தை சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்து உட்கார்ந்தாள். "கீறான்" என்றாள். "எம் புள்ள உள்ளதான் கீறான்." பிறகு தன் கன்னத்தில் தானே அடித்துக்கொண்டாள். நான் தடுக்கவில்லை.

மாமா வந்ததும் வாசத்துக்குத் துள்ளினார். இழுத்துப்போய்க் காட்டினேன். அவர் கண்ணெதிரிலும் ரமணா வாயைத் திறந்தான். மாமா ஆடிப்போய்விட்டார். ஆனாலும் உடனே போய் மாஸ்டர் காருவைக் கூட்டிவந்தார். அந்த மனிதர் சொல்லாமல் மாமாவுக்குத் தன் கண்ணையே நம்ப முடியவில்லை.

மாஸ்டர் காரு மூக்கில் துண்டை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்தார். முகம் ஒரு கணம் வெளிறியது, நான் பார்த்தேன். பிறகு பாடம் நடத்துகிற குரல் வந்துவிட்டது. "இது ஆசை இல்ல. அறுந்த பல்லி வாலும் துடிக்கும். உடம்போட பழக்கம், அவ்வளவுதான்."

"கல்கண்டுக்கு நாக்கு ஆடியிருந்தா அது ஆசை. கருவாட்டுக்கு ஆடினா பழக்கமா?"

அவர் மாமாவிடம் திரும்பினார். "நீ தயாரா இரு முனிரத்தினம். தோட்டத்துல எல்லாம் ரெடி."

தோட்டத்தில் என்ன ரெடி என்று கேட்டேன். மாமா தலையைக் குனிந்துகொண்டே சொன்னார். சந்திரகிரி தாண்டி மாஸ்டர் காருவுக்கு ஒரு மாந்தோப்பு உண்டு. உபதேசம் வாங்கினவர்களை அங்கேதான் உட்காரவைத்துப் புதைப்பார்கள். ரமணாவுக்கும் குழி வெட்டிவிட்டார்கள். மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறவனுக்கு, கருவாடு கேட்டு வாய் திறக்கிறவனுக்கு, குழி.

"கோவப்படாத தேனு" என்றார் மாமா. "ரெண்டுதான் மிச்சம்னு சொன்னதால வெட்டிட்டாங்க. இப்ப வெட்டின குழிய வெறுமனே மூடவும் கூடாது. வெறுங்குழி ஆளக் கேக்கும். நம்ம வூட்ல யாரையாவது இஸ்துக்கும்."

"கேக்குதா? சரி, வண்டிய எடு. நான் போயி அதுக்குப் பதில் சொல்றேன்."

"தேனு..."

"வண்டிய எடு மாமா!"

அத்தை ரமணாவின் தலையைத் தன் மடிக்கு மாற்றிக்கொண்டாள். டப்பாவில் மிச்சமிருந்த குழம்பைக் கையில் எடுத்துக்கொண்டு, "நீ போயி வா" என்றாள். நான் ஆட்டோவில் பின்னால் ஏறினேன். மாஸ்டர் காருவும் ஏறினார். நான் ஓரமாக ஒதுங்கவில்லை. வழியெல்லாம் மாங்காய் லாரிகள் சித்தூர் மாங்கூழ் கம்பெனிகளுக்குப் போய்க்கொண்டிருந்தன.

தோப்பில் ஏகாம்பரம் காத்திருந்தார். வகுப்பில் மூத்தவர், குழி வெட்டினவரும் அவர்தான். மாமரங்களுக்கு நடுவே மண்மேடுகள். அவற்றைத் தாண்டிப் புதுமண் குவிந்திருந்தது. வட்டமான குழி, மார்பளவு ஆழம். ஆள் சம்மணம் போட்டு உட்கார அடியில் மேடை மாதிரி விட்டிருந்தார்கள். பக்கத்தில் உப்பு மூட்டையும் விபூதி மூட்டையும்.

செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு உள்ளே குதித்தேன். மேடைமேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன்.

"ஆளு கேக்குதுன்னீங்களே, கொட்டுங்க உப்ப" என்றேன். "எனுக்கு ஏழும் கீது. கோவம் மட்டுமே ஏழு பேருக்குப் போதும். அவன் வாயத் திறந்து சோறு கேக்கறான், அவனுக்குக் குழி வெட்டறீங்க. நான் வாயத் திறந்து கத்தறேன், எனுக்கு வெட்டமாட்டீங்களா?"

மாமா விளிம்பில் மண்டியிட்டு, "மேல வா தேனு, மேல வாம்மா" என்று கெஞ்சினார். ஏகாம்பரம்தான் எனக்கு நியாயம் சொல்ல வந்தார். "அவசரப்படாத பொண்ணே. அதோ பாரு, துளசி வெச்ச சமாதி. அது யாருது தெரியுமா? வரலட்சுமி அம்மாவுது. மாஸ்டர் காருவோட சம்சாரம். இந்தத் தோட்டத்துல மொத சமாதி. வாதம் வந்து படுத்துட்டாங்க, பேச்சு போச்சு. தன் சம்சாரத்துக்கே எண்ணிப் பாத்து, ரெண்டுதான்னு தெரிஞ்சு, சோத்த நிறுத்தினவரு. உன் வூட்டுக்காரனுக்கு மட்டும் ஓரவஞ்சனை பண்ணுவாரா?"

குழிக்குள்ளேயே எழுந்து நின்றேன். என் தலை அவர்கள் முழங்காலுக்குச் சரியாக இருந்தது.

"மாஸ்டர் காரு" என்றேன். "அந்த அம்மாவுக்கு நாக்குல இன்னா வெச்சீங்க?"

"கல்கண்டு" என்றார்.

"அவங்களுக்குக் கல்கண்டு புடிக்குமா?"

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சரி, வேற இன்னா புடிக்கும்? ஊறுகாயா? கோங்கூராவா? புளிச் சோறா? இத்தினி வருசம் உங்களுக்கு ஆக்கிப் போட்டவங்க. அவங்க எதத் தொட்டா இன்னொரு கை சோறு எச்சா துன்னுவாங்க? சொல்லுங்க. அத வெச்சுப் பாத்தீங்களா?"

அவர் ஏகாம்பரத்தைப் பார்த்தார். மாமாவைப் பார்த்தார். பரீட்சையில் படிக்காத கேள்வி வந்த பையன் மாதிரி நின்றார். ஊருக்கே பாடம் சொன்ன மனிதர்.

"நான் சாப்பிட்டு எழுந்தப்புறம்தான் அவ சாப்பிடுவா" என்றார் மெதுவாக. "அடுப்படியிலயே உக்காந்து. நான் போய்ப் பாத்ததில்ல. தெரியலம்மா."

அவர் துளசிச் செடியைப் பார்த்துக்கொண்டே, யாரிடமோ சொல்வதுபோல இன்னொன்றும் சொன்னார். "தீர்த்தத்த மட்டும் கடைசி வரைக்கும் முழுங்கிட்டே இருந்தா."

அப்படியே அந்த மண்மேட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு இரக்கம் வரவில்லை. வரவேண்டும் என்று பிற்பாடு மாமா சொன்னார், வரவில்லை. நான் முகம்கூடப் பார்த்திராத அந்த அம்மாவுக்காக என் வயிறு எரிந்தது. அவர்கள் வாயைத் திறந்து கேட்டிருப்பார்கள். தண்ணீரை விழுங்கிக்கொண்டு, அடுத்து ஏதாவது வரும் என்று பார்த்திருப்பார்கள். பக்கத்தில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார் இந்த மனிதர்.

மாமா கையை நீட்டினார். பிடித்துக்கொண்டு மேலே ஏறினேன். என்னை நிறுத்திவிட்டு மாமா ஏகாம்பரத்தின் கையிலிருந்த மண்வெட்டியை வாங்கிக் குழிக்குள் மண்ணைத் தள்ள ஆரம்பித்தார்.

"முனிரத்தினம், வெறுங்குழிய மூடக்கூடாதுப்பா" என்றார் ஏகாம்பரம். "குறைஞ்சது ஒரு வாழைக்கட்டையாவது..."

மாமா நிமிரவில்லை. தள்ளிக்கொண்டே இருந்தார். நானும் காலால் மண்ணைத் தள்ளினேன். தரையோடு தரையாக ஆனபிறகுதான் மண்வெட்டியைப் போட்டார். மாஸ்டர் காரு இருந்த பக்கம் திரும்பி ஒரு கும்பிடு போட்டார். அவர் பார்க்கவில்லை.

திரும்பி வரும்போது சந்திரகிரியில் மாமா ஆட்டோவை நிறுத்தினார். சொல்லாமல் இறங்கிப் போனார். நான் டீ குடிக்கப் போகிறார் என்று நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வீட்டில் அவன் பசியோடு கிடக்கிறான். மாமா ஒரு காகிதப் பொட்டலத்தைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். நெத்திலி. வாங்கின கையைச் சட்டையில் துடைக்காமல் அப்படியே ஹாண்டில் பாரைப் பிடித்தார்.

"அவனுக்கு எப்படி ஆக்கணும்?" என்று கேட்டார். "புளி எச்சாவா, காரம் எச்சாவா?"

"கூடப் பொறந்தவன்தானே, உனுக்குத் தெரியாதா?" என்று கத்தினேன்.

"தெரியல தேனு" என்று சொல்லிவிட்டு மாமா வண்டியைக் கிளப்பினார்.